அறைச் சாவி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் கதையும் வந்து சேர்ந்தன. மாணவர்களின் தாள்களைத் திருத்தித் திருத்தியே எழுதும் கை மரத்துவிட்டது, கல்லூரி வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கார்ட்னர் நினைவாகவே இருக்கிறது. அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1950களின் கடைசி. கலிபோர்னியாவின் வடக்கே சிக்கோ என்ற ஊரில் ஓர் அரசுக் கல்லூரி. பின்னாளில் சிறுகதைகளால் புகழ்பெற்ற ரேமண்ட் கார்வர் அங்கே படிக்க வந்தார். இருபது வயதுப் பையன்; அதற்குள் மனைவி, இரண்டு குழந்தைகள், மாதம் 25 டாலருக்கு ஒரு பழைய வாடகை வீடு. எழுத ஆசை இருந்தது, உட்கார்ந்து எழுத இடம் இல்லை. அவருக்குக் கதை எழுதக் கற்பித்த கார்ட்னர் அவரைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். ஒட்ட வெட்டிய முடி, பாதிரியாரைப் போன்ற உடை, விரலிடுக்கில் அணையாத சிகரெட். பையனின் கஷ்டம் தெரிந்ததும் தன் அலுவலக அறையின் சாவியைக் கொடுத்து, வார இறுதியில் அங்கே வந்து எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அந்த அறையின் தரையில் பெட்டிகள் கிடந்தன. அவற்றுக்குள் கார்ட்னரின் கையெழுத்துப் படிகள். ஒரு பெட்டியின் மேல் 'நிக்கல் மவுண்டன்' என்று எழுதியிருந்ததைக் கார்வர் கடைசிவரை மறக்கவில்லை. அந்த நாவல் வெளிவந்தது 1973இல்! கார்ட்னரின் முதல் நாவலே 1966இல்தான் வந்தது. சாவியைக் கொடுத்த நாளில் அவருடைய நாவல் ஒன்றுகூட அச்சேறவில்லை, தம்பி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவர் திருத்திய விதத்தையும் கேள். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு சிறுகதை. அதைப் பத்து முறைகூடத் திருப்பி எழுத வேண்டியிருக்கும். சில சொற்களை அடித்துவிடுவார். அதில் பேச்சுக்கே இடமில்லை. சிலவற்றை அடைப்புக்குறிக்குள் போடுவார்; அவற்றைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். காற்புள்ளி வரைக்கும் விவாதம் நடக்கும். தரை என்றால் தரை, மண், அவ்வளவுதான். 'பூமி' என்று எழுதினால் அந்தச் சொல்லோடு வேறு என்னென்னவோ சேர்ந்து வந்துவிடும் என்பார். ஓரத்தில் எங்காவது 'நன்று' என்று அவர் எழுதியிருந்தால் கார்வரின் மனம் துள்ளும். கார்ட்னர் இறந்த பிறகு வெளிவந்த அவருடைய நூலின் முன்னுரையில் கார்வரே இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு கவனம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். 1933இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியாவில் பிறந்தவர், பால்பண்ணைக் குடும்பம். பதினொரு வயதில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் கட்டியிருந்த, மண்கட்டி நசுக்கும் இரும்பு உருளைக்கு அடியில் தம்பி கில்பர்ட் விழுந்து இறந்துபோனான். அந்தக் காட்சி பல்லாண்டுகள் அவர் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1977இல், அதை ஒரு சிறுகதையாக்கினார். தம்பியைச் சாகவிட்ட பையன் அந்தக் கதையில் ஃபிரெஞ்சு ஹார்ன் என்ற ஊதுகருவியை வாசிப்பதில் தஞ்சம் புகுகிறான். அவனுக்கு ஒரு வாத்தியார் வருகிறார். கார்ட்னரின் எழுத்துகளில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான். 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை அதில் வரும் அரக்கனின் வாயால் சொல்லும் 'கிரெண்டல்' நாவல் (1971) அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆனாலும் என் மனம் இந்தச் சிறுகதையையே தேடிப் போகிறது.

அவரைத் தெய்வமாக்க நான் எழுதவில்லை. ஆங்கிலக் கவிஞர் சாசரைப் பற்றி எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலில் பிறர் எழுத்தை எடுத்தாண்டார் என்ற குற்றச்சாட்டு வந்தது. 1978இல் இலக்கிய அறம் பற்றிய நூலில் சக எழுத்தாளர்கள் பலரைச் சாடினார். அதில் பாதி அநியாயம் என்பது என் கருத்து. இலக்கியம் மனிதனை வாழ வைக்க வேண்டும் என்று அவர் உயிரைக் கொடுத்து நம்பியது மட்டும் உண்மை. புற்றுநோயிலிருந்து மீண்டு, பிங்காம்டனில் கற்பித்துக்கொண்டிருந்தார். 1982 செப்டம்பர் 14 அன்று பென்சில்வேனியாவின் சஸ்கொஹானா என்ற ஊர் அருகே மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். வயது 49. பட்டேவியாவில் கில்பர்ட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

கற்பித்துக்கொண்டே எழுதியவர் அவர், தம்பி. அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வேலையை விடாதே.

உன் கதையைப் பென்சிலால் குறித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான்காம் பக்கத்தில் அந்தக் கிழவர் 'பூமியில் விழுந்தார்' என்று இருக்கிறது. எங்கள் கொங்குப் பக்கத்தில் பூமி என்றால் விதைத்து அறுக்கிற காடு. உன் கிழவர் விழுந்தது சமையலறையில். தரை என்று மாற்றிவிட்டு, அந்தப் பக்கத்தை மறுபடி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்