புல் ராங்க் அடித்தால் மணக்கும் கார்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது, பத்து மணிக்கே றோட்டில் கால் வைக்க ஏலாத வெக்கை. அங்கே வவுனியாவில் இன்னும் மோசமாக இருக்கும்.

கார் விசயத்துக்கு வருகிறேன். பெற்றோல் அடித்த அன்று மணக்கிறது, கொஞ்சம் ஓடி ராங்க் இறங்கியதும் மணம் தானாக நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். கராஜில் பெற்றோல் மூடியை மாற்றச் சொன்னார்களாம். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பிழை மூடியில் மட்டும் என்றால் அரை ராங்கிலும் ஆவி வெளியே வந்து மணக்கும். நிறைந்திருக்கும்போது மட்டும் மணக்கிறது என்றால், பெற்றோல் மேலே ஏறித் தொடுகிற இடத்தில்தான் கசிகிறது. பெற்றோல் ஊற்றுகிற குழாயை ராங்கோடு சேர்க்கும் ரப்பர் ஹோஸ், ராங்கின் தலையில் இருக்கும் பம்ப் மூடி, ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கெனிஸ்டர் என்று மூன்று இடம். காசு செலவழிக்க முன்னம் மூக்கை நம்பு. பின் சில்லுப் பக்கம் வெளியே மணத்தால் ஹோஸ். கண்ணாடி ஏற்றியிருக்க, பின் சீற்றில் இருப்பவருக்கு மணத்தால் பம்ப் மூடி. முன் பொனற் பக்கம் மணத்தால் அது பெரும்பாலும் வேறு கதை: இன்ஜெக்டர் ஓ ரிங், பெற்றோல் லைன் எல்லாம் பார்க்க வேண்டும், ராங்க் நிறைவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

என் சந்தேகம் ஹோஸில்தான். இந்தக் கார் உன் கைக்கு வர முன்னம் நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ஓடினது. உப்புக்காற்றும் சேறும் மட்காட் பிளாஸ்ரிக்குக்குப் பின்னால் போய்த் தங்கி, இரும்புக் குழாயின் வாயைத்தான் முதலில் தின்னும். ஜக்கோடு மட்டும் விட்டுவிடாமல் ஸ்ராண்டும் வைத்துச் சில்லைக் கழற்று. மட்காட் உறையை எடுத்தால் பெரிய ஹோஸ் ஒன்றும், பக்கத்தில் மெல்லிய காற்று ஹோஸ் ஒன்றும் தெரியும். மேலே பார்த்தால் நல்லதாகத்தான் இருக்கும். வளைவின் உட்பக்கத்தை விரலால் விரித்துப் பார், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸ் ஏறியிருந்த இடத்தில் துரு செதில் செதிலாகக் கழன்று வருகிறதா என்றும் பார். அப்படியென்றால் புது ஹோஸ் போட்டும் பிரயோசனமில்லை, குழாயையும் மாற்று. தண்ணீர் ஹோஸ், ரேடியேற்றர் ஹோஸ் ஒன்றும் உதவாது, பெற்றோல் பட்டால் ஊதி மென்மையாகிவிடும். பழையதைக் கையில் கொண்டுபோய், பெற்றோலுக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்கு. கிளிப் குழாயின் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேலே அல்ல.

பம்ப் மூடி என்றால் பின் சீற்றின் மெத்தையைத் தூக்கினால் கீழே சின்னத் தகட்டு மூடி இருக்கும். புல் ராங்கோடு திறக்காதே, கால்வாசிக்கு இறங்கவிடு. வெளியே மர நிழலில் நிறுத்து, மூடிய கராஜ் வேண்டவே வேண்டாம்: பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், நிலத்தோடு ஊர்ந்துபோய் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். பம்பின் பியூசைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் லைனில் உள்ள அழுத்தம் இறங்கும். பிறகு பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்று. தகட்டைச் சுற்றியிருக்கும் மண்ணைப் பிரஷால் துடைத்து எடுத்த பிறகுதான் பம்ப் மூடியைத் தொடு, இல்லாவிட்டால் அத்தனையும் ராங்குக்குள் விழும். மூடியைச் சுற்றி ஈரக்கறை இருந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. ரப்பர் வளையத்தைப் புதிதாகவே போடு. ஒருமுறை பெற்றோலில் ஊறிக் காய்ந்தது திரும்ப அதே இடத்தில் உட்காராது. சிலர் சிலிக்கன் பூசி அடைப்பார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதே. பெற்றோலில் அது ஊதிப் பிய்ந்து, உள்ளே விழுந்து பம்பின் வடியை அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. பிளாஸ்ரிக் விளிம்பு, பலம் காட்டினால் வெடிக்கும்.

இரண்டும் சரியென்றால் கெனிஸ்டர். பெற்றோல் அடித்த உடனே ஸ்ராட் பண்ணக் கஷ்டப்படுகிறதா, ஐடிலில் குலுங்குகிறதா என்று நீ எழுதவில்லை. அப்படியிருந்தால் கெனிஸ்டரில் சேர்ந்த ஆவியை எஞ்சினுக்கு விடும் பேர்ஜ் வால்வு மூடாமல் திறந்தபடி நிற்கிறது. அதைக் கழற்றி, கரண்ட் இல்லாமல் வாயால் ஊது. காற்றுப் போகக்கூடாது, போனால் வால்வை மாற்று. கெனிஸ்டரைக் கையில் எடுத்துக் குலுக்கும்போது திரவம் தளும்பினால் கரி ஊறிவிட்டது, காயவைத்து மீட்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதே.

கெனிஸ்டரைக் கெடுப்பது பெரும்பாலும் பெற்றோல் செட்டில் நடக்கும் வேலைதான். நொசில் 'டக்' என்று நின்ற பிறகும், மிச்சக் காசைக் கணக்குச் சரிக்கட்ட இன்னும் இரண்டு மூன்று தரம் அமத்துவார்கள். ராங்கின் மேலே விடப்பட்ட வெற்றிடம் ஆவிக்கு. நிலத்தடித் தாங்கியில் குளிர்ந்திருந்த 40 லீற்றர், வெயிலில் 10 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 400 மி.லீ. பெருகும். இடமில்லாவிட்டால் திரவமாகவே ஆவிக்குழாயில் ஏறிக் கரியில் போய் நிற்கும். சீனக்குடாவில் இருக்கிற 99 பெரிய எண்ணெய்த் தாங்கிகளையே விளிம்புவரை நிரப்ப ஒருவரும் துணியமாட்டார்கள், உன் சின்ன ராங்குக்கு என்ன வந்தது? முதல் 'டக்'கோடு நிறுத்து என்று சொல்லிப் பழக்கு.

திருத்திய பிறகு புல் ராங்க் அடித்து, ஒரு நல்ல ஏற்றத்தில் முதலில் முன்பக்கமும் பிறகு பின்பக்கமும் மேலே பார்க்க நிறுத்திப் பார். இங்கே வந்தால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற கோட்டைப் பாதையே போதும். வெள்ளை ரிசுவால் மூட்டுகளைத் துடைத்தால் ஈரம் உடனே காட்டிக் கொடுக்கும்.

ஹோஸ்தான் என்றால் உள் விட்டத்தையும் நீளத்தையும் மில்லிமீற்றரில் அளந்து, வளைவைப் படமெடுத்து அனுப்பு. அங்கே கிடைக்காவிட்டால் இங்கே கடையில் பார்த்து பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். அதுவரை புல் ராங்க் அடிக்காதே, காருக்குள் சிகரெட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உன் மச்சான்