கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பத்து நாளாக விட்டு விட்டு மழை. சம்பா கதிர் தள்ளுகிற நேரம் என்பதால் காலையும் மாலையும் வடிகால் பார்த்துவிட்டு வருகிறேன். போனில் பேசும்போது நீ ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருக்கிறாய், எனக்கும் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நடந்ததைப் பற்றி நாம் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. நான் மன்னார்குடிக்கு பேங்குக்குப் போயிருந்தேன். நீ பழைய இரும்பு வண்டியைக் கூப்பிட்டு, கூடத்தில் இருந்ததில் பாதியை ஏற்றி அனுப்பிவிட்டாய். அப்பா தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று செய்தாய், அது எனக்குத் தெரியும். திரும்பி வந்தவன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். நீ தரையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு ரொம்ப வலித்தது. நீ விமானம் ஏறிய மறுநாளே பஸ் பிடித்து அந்த இரும்புக் கடைக்குப் போனேன். அம்மாவின் தேங்காய்த் துருவியும் ஒரு மண்வெட்டியும்தான் மிச்சம் இருந்தன. காசு கொடுத்து வாங்கி வந்தேன். சித்திரை முடிவதற்குள் கூடம் பழையபடி நிரம்பிவிட்டது. சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாகவே நிரம்பியது.

அப்புறம் நீ போனில் ஒரு கட்டுரை அனுப்பினாய், பொருளைச் சேர்த்து வைப்பதும் ஒரு நோய் என்று. கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து, கணக்கு சாரின் மருமகள் நர்ஸாக இருக்கிறாளே, அவளிடம் காட்டினேன். பொறுமையாகச் சொன்னாள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல்தான் இதைத் தங்கள் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தார்களாம். சாமான் அதிகம் வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்தப் பேர் பொருந்தாதாம். விலை இருக்கிறதோ இல்லையோ எதையும் கழிக்க மனம் வராமல், கழிக்க நினைத்தாலே தவிப்பு வந்து, புழங்க வேண்டிய இடத்தில் புழங்க முடியாமல் போனால்தான் டாக்டர் அதைப் பற்றி யோசிப்பார் என்றாள். அப்புறம், “நீங்க ராத்திரி எங்க படுக்கறீங்க மாமா?” என்று கேட்டாள்.

ஒரு வருஷமாக நான் திண்ணையில்தான் படுத்தேன். மழை நாளில் சமையற்கட்டில், அடுப்புக்கும் சாக்கு மூட்டைக்கும் நடுவே. இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

எங்கிருந்து ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். கஜா புயலில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை அது வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் கொல்லையில் ஒரு தென்னை நிற்கவில்லை, மாட்டுக்கொட்டகைத் தகரம் அடுத்தவர் வயலில் கிடந்தது. நம் தெருவுக்குக் கரண்டு வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் பரணில் கிடந்த அரிக்கேன் விளக்கும், உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதாவும்தான் நம் வீட்டைக் காப்பாற்றின. “நல்லவேளை, தூக்கிப் போடல” என்றாள் அம்மா. அந்த வார்த்தை எனக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கயிறு, கம்பி, ஓட்டுத் துண்டு, கிழிந்த தார்பாய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அரிக்கேன் விளக்கு மட்டும் பதினொன்று. அம்மா இருந்தவரை அவள் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே வந்தாள். அவள் போனபிறகு ஒதுக்க ஆள் இல்லை. அவள் கை பட்டது என்று எதையும் என்னால் நகர்த்தவும் முடியவில்லை.

ஆனி மாதம் கணக்கு சார் விழுந்து கையை முறித்துக்கொண்டார். முப்பது வருஷத்துப் பரீட்சைத் தாள்களைக் கட்டுக்கட்டாக நடையில் அடுக்கி வைத்திருந்தார், அதில் கால் இடறியது. பாமணியாற்றுப் பாலத்து டீக்கடையில் கைக்கட்டோடு உட்கார்ந்து, “எனக்குத் தனியா முடியல, யாராவது பக்கத்துல உட்கார்ந்தா முடியும்னு தோணுது” என்றார். அந்த மனுஷர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் எனக்கும் வாய் வந்தது. பக்கத்தில் இருந்த மில் மாமா, தன் வீட்டிலும் இரண்டு அறை நட்டு போல்ட்டுதான் என்றார். விஷயம் காதில் விழுந்து கீழத்தெரு பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார். ஆக நாலு பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் கை மட்டும்தான் பொருளைத் தொடும். மற்ற மூன்று பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது, “இது எதுக்கு” என்று கேட்கக் கூடாது. “கடைசியா எப்ப எடுத்தீங்க?” என்று மட்டும் கேட்கலாம். போக வேண்டியது என்று முடிவான பொருள் அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். அதை மற்ற மூன்று பேரில் யாரும் எடுத்துப்போகக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டுப்பாடு பெரியம்மா சொன்னது. இல்லாவிட்டால் என் வீட்டுக் குப்பை அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பெரியம்மா வீட்டில் எவர்சில்வர் பாத்திரம் நூற்றுக்கு மேல். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வந்தது எல்லாம், ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பேரும் தேதியும் வெட்டியிருந்தது. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பேரைச் சத்தமாகப் படித்தார். பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. கணக்கு சார் இடது கையால் அத்தனை பேரையும் ஒரு நோட்டில் எழுதினார். பேர் நோட்டுக்கு வந்த பிறகுதான் பெரியம்மாவால் பாத்திரத்தைக் கீழே வைக்க முடிந்தது. மூன்று ஞாயிறு ஆனது, நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. மில் மாமா வீட்டு இரும்பு ஒரே நாளில் போய்விட்டது.

நம் வீட்டில் முதல் இரண்டு வாரம் காகிதம். பத்திரம், பட்டா, சிட்டா, கூட்டுறவுச் சங்கக் கடன் தீர்ந்த ரசீது, இவற்றைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்துவிட்டேன். கொள்முதல் நிலையத்து நெல் ரசீதுகள் இருபது வருஷத்துக்கு இருந்தன. எந்த வருஷம் எத்தனை மூட்டை என்று கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொண்டு கட்டிக் கழித்துவிட்டேன்.

கஷ்டம் விதைப் பானையில் வந்தது. நீ சிங்கப்பூர் போன வருஷம் அம்மா திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்குப் போய் மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கி வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிக் காப்பாற்றிய நெல் ஜெயராமன் வைத்திருந்த ஏற்பாடு அது. 2 கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அம்மா சொன்னபடி 4 கிலோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வருஷா வருஷம் பம்புசெட்டு ஓரத்தில் ஒரு பாத்தி போட்டு விதை எடுத்துவந்தாள். கஜா அடித்து மூன்று வாரத்தில் ஜெயராமன் காலமான செய்தியைக் கரண்டு இல்லாத வீட்டில் ரேடியோவில் கேட்டோம். அந்த வருஷம் பாத்தியை அவள் இன்னும் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். அவள் போவதற்கு ஒரு மாதம் முன்னால், தை அறுப்பில் எடுத்த விதையை நொச்சி இலை போட்டு, வாயைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி வைத்தது அந்தப் பானை. பூச்சில் அவள் நாலு விரல் தடம் அப்படியே இருந்தது. அந்த ஆடியில் நான் விதைத்திருக்க வேண்டும். பூச்சை உடைக்க மனம் வரவில்லை. அடுத்த ஆடியும் அப்படியே போனது, அதற்கடுத்ததும்.

மூன்று பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துப் பெரியம்மா, “முளைக்குமா தம்பி?” என்றார். விவசாயியிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. பூச்சை நானே உடைத்தேன். 100 விதை எண்ணி, ராத்திரி ஊறப்போட்டு, ஈரச் சணல் சாக்கில் சுருட்டி வைத்தேன். விதைச் சான்றுக் கணக்குப்படி நெல்லுக்கு 100-க்கு 80 முளைக்க வேண்டும். ஐந்தாம் நாள் பிரித்து எண்ணினால் நாலுதான் முளைத்திருந்தது. கணக்கு சார் இன்னொரு தடவை எண்ணினார். நாலுதான்.

அன்றைக்கு அழுதுவிட்டேன் கண்ணு. அம்மா சாவுக்குக்கூட அப்படி அழவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்தே அவள் விதையைச் சாகவிட்டேன். மில் மாமா என் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பானையில் இருந்த மிச்ச நெல்லைத் தினம் ஒரு கைப்பிடி முற்றத்தில் இறைத்தேன். குருவிகள் வந்தன. முளைத்த நாலையும் பாத்தியில் ஊன்றினேன். ஒன்றை நண்டு வெட்டிவிட்டது. மூன்று நின்று, தூர் கட்டி, இப்போது கதிர் வந்திருக்கிறது. போன் வெளிச்சத்தில் படம் சரியாக வரவில்லை, நீ வந்து நேரில் பார்.

அம்மா புடவைகளை ஆவணியில் எடுத்தேன். பட்டு மூன்றும் உனக்கு. நூல் புடவைகளை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் இருந்தபோது, அம்மாவோடு நடவுக்கு நின்ற பெண்களைக் கூப்பிடலாம் என்று பெரியம்மா சொன்னார். ஆறு பேர் வந்தார்கள். திண்ணையில் பரப்பி வைத்துவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள், எந்தப் புடவையை அம்மா எந்தத் திருவிழாவுக்குக் கட்டினாள் என்று அவர்கள் பேசிக்கொண்டது உள்ளே கேட்டது. எனக்கு ஞாபகம் இல்லாததெல்லாம் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. புரட்டாசியில் நம் மேற்கு வயலில் நடவு. வரப்பில் நாற்று முடிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் மூன்றாவதாக அந்த நீலப் புடவை, அரக்குக் கரை, முழங்கால் வரை தூக்கிச் செருகி, சேற்றில் குனிந்து நிற்கிறது. கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. பீரோவில் இருந்தவரை அது இப்படி ஒரு நாளும் எனக்குக் கண்ணில் பட்டதில்லை.

எல்லாம் நேராகப் போகவும் இல்லை. ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம், இரும்பு வண்டியில் ஒரு நல்ல பம்பு வால்வு கிடந்ததைப் பார்த்துவிட்டு வாங்கி வந்துவிட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கு சாருக்குப் போன் செய்தேன், அப்படி ஒரு ஏற்பாடும் எங்களுக்குள் உண்டு. அவர் கோபப்படவில்லை. காலையில் வந்தார், இருவருமாக நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்தோம். தனியாக இருந்தால் அந்த ஒரு வால்வு பத்தாகியிருக்கும்.

இன்னும் முடியவில்லை. மாட்டுக்கொட்டகை பாக்கி இருக்கிறது. ஆனால் கூடம் காலி. கட்டில் போட்டிருக்கிறேன், அதில்தான் படுக்கிறேன். இரண்டு அரிக்கேன் விளக்கும் இரண்டு நல்ல தார்பாயும் வைத்திருக்கிறேன், புயல் வரும் ஊர் இது. மற்றதெல்லாம் போய்விட்டது. அம்மாவின் தேங்காய்த் துருவி இருக்கிறது, தினமும் அதில்தான் துருவுகிறேன்.

உன்னிடம் கேட்க வேண்டியதும் உண்டு. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஜோடி, அண்டா, வெங்கலப்பானை எல்லாம் உனக்கென்று அம்மா வைத்தது. உங்கள் அடுக்குமாடி வீட்டில் அண்டாவை வைக்க இடமில்லை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லு. அப்பா வருத்தப்படுவார் என்று வாங்கிக்கொண்டுபோய்ப் பெட்டியில் பூட்டி வைக்காதே. விளக்கு மட்டும் போதும் என்றாலும் சரி, ஒன்றும் வேண்டாம் என்றாலும் சரி. அப்புறம், வரும்போது கோடாலித் தைலமும் மைலோ டப்பாவும் தூக்கி வராதே. இருந்த பதினாலு பாட்டில் தைலத்தையும் தெருவில் முட்டிவலிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்தத் தடவை போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. அன்றைக்கு நம் வீட்டு முறை. பரணில் உன் தகரப்பெட்டி இருக்கிறது, பள்ளிக்கூட நோட்டும் பரிசுக் கோப்பையும் இன்னும் என்னென்னவோ அதில் இருக்கும். நான் தொடவில்லை. இறக்கி வைக்க மில் மாமா வருவார், நாங்கள் நாலு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். சாவி உன்னிடம்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா