வாங்கும் முன் முள்ளைப் பார்

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய பழைய பாணிச் சாமான்களின் ஏழு படங்களும் கிடைத்தன. ஒவ்வொன்றின் கீழும் "வாங்கலாமா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மா எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "நாம கழிச்சுக் கட்டினதையெல்லாம் இவ காசு குடுத்து வாங்கப் போறாளா?" என்றாள். சிரித்தேன். ஆனால் கொஞ்சம் குத்தியது. கழித்துக் கட்டியவன் நான்தானே. சி.டி. வந்த புதிதில், இனி இதற்கெல்லாம் யார் இடம் கொடுப்பது என்று என் இசைத்தட்டுகள் அத்தனையையும் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தேன். 2022-ல் அமெரிக்காவில் சி.டி.யைவிட இசைத்தட்டு அதிக எண்ணிக்கையில் விற்றது, 1987-க்குப் பிறகு அதுதான் முதல் முறை என்று படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன். கடைக்காரர்கள் ரெட்ரோ, வின்டேஜ் என்று இரண்டு சொல்லையும் கலந்து போட்டுக் குழப்புவார்கள். ஒன்று, பழசு போலப் புதிதாகச் செய்தது. மற்றது, நிஜமாகவே பழையது. இரண்டையும் பார்க்க வேண்டிய விதம் வேறு. புதுசு என்றால் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று பார். பழசு என்றால் உள்ளே என்ன செத்துப் போயிருக்கிறது என்று பார். அத்தனை வருஷம் ரேடியோவும் டேப்பும் பிரித்துப் பார்த்த கைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

முதல் படம், அந்தச் சூட்கேஸ் ரெக்கார்டு ப்ளேயர். அழகாகத்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து, முள்ளைத் தாங்கி ஆடும் கையின் பின்பக்கத்தைப் பார். அங்கே திருகி நகர்த்தும் எடை ஏதாவது இருக்கிறதா? படத்தில் இல்லை. அப்படியானால் முள் எவ்வளவு பாரத்தோடு தட்டின் மேல் உட்காருகிறது என்பதை நீ மாற்றவே முடியாது. முள்ளைப் பொருத்தும் சிறு பாகத்துக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர், இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். முள் ஐந்தாறு கிராம் பாரத்தோடு அழுத்தும். நல்ல ப்ளேயரில் இரண்டு கிராமுக்குப் பக்கத்தில்தான். நாலு கிராமில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பாய். முள்ளின் நுனி எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பார், அந்தப் புள்ளியில்தான் மொத்தப் பாரமும். தட்டு தேயத் தேய, கீச்சென்று வரும் மெல்லிய ஓசைகள் முதலில் போகும். ஒலிபெருக்கியும் அதே பெட்டிக்குள் இருப்பதால் அதன் அதிர்வு முள்ளுக்கே திரும்பி வரும். ஒரு தட்டை ஆசையாக வாங்கி இதில் போடுவது, புதுப் புடவையைக் கல்லில் அடித்துத் துவைப்பது மாதிரி.

அதில் நிமிடத்துக்கு 78 சுற்று வேகமும் இருக்கிறது என்று நீ பெருமையாக எழுதியிருக்கிறாய். வேகம் இருக்கிறது, முள் இல்லையே. 1948-ல் 33⅓ சுற்று நெடுந்தட்டு வருவதற்கு முன் இருந்தவை 78-ல் சுற்றும், அரக்கில் செய்த தட்டுகள். அவற்றின் பள்ளம் அகலமானது. மெல்லிய முள் அதன் அடியில் கிடந்து உருளும், கரகரப்பைத்தான் பொறுக்கி எடுக்கும். அதற்கென்றே தடித்த முள் தனியாகக் கிடைக்கும்.

நிஜப் பழசையே வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். மின் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த பழைய மோட்டார்கள் பலவும் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும். 33⅓ சுற்ற வேண்டியது 28-க்குக் கீழே இறங்கிவிடும். பாடகி பாடகராகிவிடுவார். பெல்ட் மாட்டும் சக்கரத்தை மாற்றினால் சரியாகும், அந்தச் சக்கரம் கிடைத்தால்.

இரண்டாவது, கேசட் ப்ளேயர். பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டு வந்தது 1963-ல், சோனியின் வாக்மேன் வந்தது 1979-ல். இப்போது வரும் புதுப் ப்ளேயர்களில் வெளிப்பெட்டி விதவிதமாக இருந்தாலும், உள்ளே சுற்றும் இயந்திரம் பெரும்பாலும் ஒரே பழைய வடிவத்தின் மலிவு நகல். பாட்டு லேசாகத் தள்ளாடும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி இருக்காது. பழைய நல்ல ப்ளேயர் வாங்கினால் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்த நாளெல்லாம் விரலில் கறுப்பு போகாமல் உன் அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். "ஓடுகிறது" என்று விற்பவர் சொன்னால், பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று கேள். விழித்தால் மாற்றவில்லை என்று அர்த்தம்.

சட்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பழைய துணியில் போட்டிருக்கும் அளவு எண்ணை நம்பாதே, இன்றைய எண்ணோடு ஒத்துப் போகாது, டேப் வைத்து அளந்து சொல்லச் சொல் என்கிறாள் அம்மா.

பூப்போட்ட கண்ணாடித் தம்ளர்கள் நிஜமாகவே பழையவை என்றால் அலமாரியில் வை, குடிக்காதே. அந்தக் காலத்து வண்ணப் பூச்சில் ஈயமும் காட்மியமும் இருப்பது சாதாரணம். புளிப்பான பானம் ஈயத்தை இன்னும் நன்றாக இழுக்கும். புதிதாகச் செய்தது என்றால் உணவுக்கு ஏற்றது என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து எடு.

கைக்கடிகாரம். நீ கேட்டிருக்கும் காசியோ எஃப்-91டபிள்யூ 1989-ல் வந்தது, இன்றும் செய்கிறார்கள். அதை ரெட்ரோ என்று விற்பது வேடிக்கை, அது கடையை விட்டுப் போனதே இல்லை. வாங்கிக்கொள். ஆனால் கூடவே ஒரு பழைய சாவிக் கடிகாரமும் காட்டியிருக்கிறாயே, இருட்டில் ஒளிரும் எண்களோடு? 1960-கள் வரைக்கும் அந்தப் பூச்சில் ரேடியம் சேர்ப்பதுண்டு. ஒளி செத்துப் போயிருக்கும், ரேடியம் சாகாது. அது பாதியாகவே 1,600 வருஷம் ஆகும். எதற்காகவும் பின்மூடியைத் திறக்காதே.

எடுத்த உடனே படத்தைக் கையில் தரும் போலராய்டு கேமராவை வாங்குவது பெரிய விஷயமில்லை, அதற்குத் தீனி போடுவதுதான் விஷயம். 2008-ல் நிறுவனம் ஃபிலிம் செய்வதையே நிறுத்தியது. கடைசித் தொழிற்சாலையை ஆர்வலர்கள் சிலர் வாங்கி மறுபடி ஓட்டியதால்தான் இன்றைக்குக் கிடைக்கிறது. ஒரு பாக்கெட்டில் எட்டே படம். ஒரு மாதம் எத்தனை எடுப்பாய் என்று முதலில் கணக்குப் போடு.

கடைசியாக அந்தத் தகரப் பெட்டி. நூறு வருஷப் பழசு என்கிறார் விற்பவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியில் இருப்பது நட்சத்திர ஸ்க்ரூ. அதற்குக் காப்புரிமை கொடுத்ததே 1936-ல். பின்னால் யாராவது மாற்றியிருக்கலாம், நாலு மூலையிலுமா? அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல். பார்கோடு தெரிந்தால் சண்டையே வேண்டாம், கடையில் அதை முதன்முதலில் படித்தது 1974-ல். பெட்டி உனக்குப் பிடித்திருந்தால் புதுப்பெட்டி விலைக்கு வாங்கு, தப்பில்லை.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. தட்டுகளைத்தான் கொடுத்தேன், ப்ளேயரைக் கேட்க ஆளில்லை. பரண் மேலேயே கிடந்தது. உன் படத்தைப் பார்த்த மறுநாள் இறக்கினேன். மோட்டார் சுற்றுகிறது, கையின் பின்னால் எடையும் இருக்கிறது. பெல்ட்டை அளந்து வைத்திருக்கிறேன், கார்ட்ரிட்ஜ் எண் தனித் தாளில் இருக்கிறது. முள் உடைந்திருக்கிறது. அந்த எண்ணுக்கு வைர முள் தேடி வாங்கு, சூட்கேஸை விட்டுவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வருவதற்குள் ஓட வைத்துவிடுவேன்.

வரும்போது ஒரு இசைத்தட்டு கொண்டு வா. போட்டுப் பார்க்க என்னிடம் ஒன்றுகூட இல்லை.

அன்புடன்,
அப்பா