பேப்பர் போட்டுவிட்டேன்

அன்புள்ள சோடாபுட்டி,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாததற்குத் திட்டு, ஆனால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு. பேப்பர் போட்டுவிட்டேன். ஆமாம், வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். "இவள் இந்த நாற்காலியிலேயே நரைத்து இங்கேயே ரிட்டயர் ஆவாள்" என்று நீயும் நெட்டையும் பேசிச் சிரித்தீர்களே, அந்தப் பந்தயப் பணத்தை இரண்டு பேரும் எடுத்து வையுங்கள்.

புது இடம் நல்ல இடம், அதை நேரில் சொல்கிறேன். இழுபறி எல்லாம் பழைய இடத்தில்தான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்படி எனக்கு நோட்டீஸ் பீரியட், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள். புது இடத்திலோ 45 நாளுக்கு மேல் காத்திருக்க மாட்டார்களாம். இதில் வேடிக்கை, அவர்கள் எனக்கு அனுப்பிய ஆர்டரிலும் 90 நாள்தான் போட்டிருக்கிறது! தங்களிடம் வருகிறவள் ஓடி வர வேண்டும், தங்களை விட்டுப் போகிறவள் மட்டும் ஆற அமரப் போக வேண்டும்.

"கொஞ்சம் முன்னாடியே விடுங்கள் சார்" என்று மேனேஜரிடம் கேட்டேன். முதலில் பாசம் பொழிந்தார். பிறகு, "ரிலீவிங் லெட்டர் வராது, பார்த்துக்கொள்" என்றார், முறைப்படி விடுவித்தோம் என்று தரும் கடிதம் அது. இதே மனிதர் போன வருஷம் எங்கள் டீமில் ஒருவரைக் காலையில் கூப்பிட்டு, நோட்டீஸுக்குப் பதிலாகச் சம்பளத்தைக் கொடுத்து, மதியத்துக்குள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பினவர். அன்றைக்கு வேலையை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் என்ற பேச்சே எழவில்லை. நம்மை அனுப்பும்போது நோட்டீஸ் என்பது வெறும் பணம், நாமே போகும்போது அது விசுவாசமாகிவிடுகிறது. எனக்கு வந்த கோபத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் பேசினவள்தானே நான்.

சரி, அந்த 90 நாளில் என்னதான் நடக்கிறது என்று பார். முதல் மாதம் முழுக்க உன் மனசை மாற்றப் பார்ப்பார்கள். இரண்டாவது மாதம் ஆள் தேடுவதாகச் சொல்வார்கள். மூன்றாவது மாதத்தின் கடைசி வாரத்தில்தான், ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை உள்ள யாரோ ஒரு அப்பாவியை உன் பக்கத்தில் உட்கார வைத்து, "எல்லாவற்றையும் கற்றுக்கொள்" என்பார்கள். என் வேலையைச் சொல்லிக்கொடுக்க இரண்டு வாரம் போதும், ஒரு மாதக் கணக்கு முடிப்பையும் கூட இருந்து காட்டினால் தாராளம். இதை எழுதியே கொடுத்தேன்: எந்த பில் எங்கே நிற்கிறது, எந்த சப்ளையரிடம் யார் பேச வேண்டும், எந்தத் தேதி தவறினால் அபராதம் விழும், எல்லாம். அதைப் பார்த்த பிறகுதான் எச்.ஆர். கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

இதற்கு நடுவில் என் தங்கை. சட்டம் படிக்கிறாள் அல்லவா, வீட்டில் உப்பு கேட்டால்கூட ஒரு வழக்கு சொல்வாள். 1852-இல் லண்டனில் நடந்ததாம். யோஹானா வாக்னர் என்ற பாடகி ஒரு அரங்கத்தில் மூன்று மாதம் பாட ஒப்புக்கொண்டு, வேறெங்கும் பாட மாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு, கூடுதல் பணம் தருவதாகச் சொன்ன போட்டி அரங்கத்துக்குப் போகப் பார்த்திருக்கிறாள். பழைய அரங்கக்காரர் வழக்குப் போட்டார். பாடு என்று கட்டாயப்படுத்த எங்களால் முடியாது, ஆனால் போட்டி அரங்கத்தில் பாடக் கூடாது என்று தடுக்க முடியும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். அதாவது, உட்கார்ந்து வேலை செய் என்று யாரும் நம்மைக் கட்டிப்போட முடியாது, ஆனால் நஷ்ட ஈடு கேட்கலாம், நாம் கையெழுத்துப் போட்ட வேறு நிபந்தனைகளைக் காட்டி மடக்கலாம். கேட்டதும் பாதி தைரியமும் பாதி பயமும் வந்தது. அன்று ராத்திரியே என் ஆர்டரை எடுத்து வரி வரியாகப் படித்தேன். மீதி நாளுக்குச் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று இருந்தது, ஆனால் நிறுவனம் சம்மதித்தால்தான். அந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்துக்கா மொத்தச் சம்பளத்துக்கா என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்கள். கேட்டேன், அடிப்படைச் சம்பளத்துக்குத்தான் என்று மெயிலில் பதில் வந்தது. மிச்சமுள்ள லீவை அதில் கழிக்க மாட்டார்களாம். போகட்டும்.

கடைசியில் 40 நாளில் விடுகிறார்கள். மேனேஜர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. என் வேலை முழுக்கப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது, அதுதான் உறுத்துகிறது. கம்பெனிக்கு நான் கட்டும் பணத்தில் ஒரு காசும் அவளுக்குப் போகாது. ராத்திரி கூப்பிட்டாலும் எடுக்கிறேன் என்று நம்பர் கொடுத்திருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். "சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடலாமா" என்று விளையாட்டாக எழுதியிருந்தாய், அடுத்த வரியிலேயே இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. உன் கதையும் என் கதையும் ஒன்றில்லை. சம்பளம் தராமல் ஒப்பந்தத்தை முதலில் மீறினவர்கள் அவர்கள். நோட்டீஸ் இல்லாமல் விலகுவதற்குப் பல நாட்டுச் சட்டங்களில் அதுவே போதுமான காரணம். நோட்டீஸ் முடியட்டும் என்று நீ இன்னும் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தால், அந்த மூன்று மாதச் சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் அலைவாய். ஆனால் ஓடாதே, எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. சொல்லாமல் போனால் "தலைமறைவு" என்று ஃபைலில் எழுதி வைப்பார்கள், நாளைக்கு வேறு இடத்தில் பழைய வேலையைப் பற்றி விசாரிக்கும்போது அதுதான் முதலில் வெளியே வரும். சம்பளம் வராத மாதங்களைக் குறிப்பிட்டு, அதனால் இந்தத் தேதியோடு விலகுகிறேன் என்று நாலு வரி போதும். அவர்கள் குணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத உனக்குக் கை அரிக்கும், அதை எனக்கு எழுது.

அப்புறம், மெயில் அனுப்பும் முன்பே சம்பளச் சீட்டு, ஆர்டர், வருகைப் பதிவு எல்லாவற்றையும் உன் சொந்த மெயிலுக்கு எடுத்து வைத்துக்கொள். பேப்பர் போட்ட நிமிஷமே லாகினை முடக்குகிற இடங்கள் உண்டு. அங்கே தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. வரைவை முதலில் எனக்கு அனுப்பு, தங்கையிடம் காட்டுகிறேன். அவளும் ஒரு வழக்காவது சொல்லாமல் திருப்பித் தர மாட்டாள், பொறுத்துக்கொள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். கைச்செலவுக்குத் தட்டுப்பாடு என்றால் நெட்டையிடம் போகாதே, என்னிடம் கேள்.

உன்,
வாயாடி