அனல் போய்விட்டது என்று எழுதிய தங்கைக்கு

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

"அக்கா, ஜெபிக்க முழங்காலிட்டால் ஒரு வார்த்தைகூட வரவில்லை. எனக்குள் இருந்த அனல் போய்விட்டது" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் என் பழைய வேதாகமத்தின் நினைவுதான் வந்தது. அதன் சிவப்பு நாடா எரேமியா 20ஆம் அதிகாரத்திலேயே எட்டு மாதம் கிடந்தது. மறுபடி திறந்தபோது வெளியே தொங்கிய நுனி வெளுத்துப் போயிருந்தது. பக்கங்களுக்குள் இருந்த பகுதி மட்டும் வாங்கிய நாளில் இருந்த அதே சிவப்பு. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உபவாசத்தைக் கூட்டு, முழு இரவு ஜெபத்துக்கு வா என்று உன்னிடம் சொல்கிறார்களாம். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மறைத்து வைத்த பாவம் ஏதாவது இருந்தால் அதை அறிக்கையிடு; 51ஆம் சங்கீதம் அதற்காகவே இருக்கிறது. ஆனால் எல்லா வறட்சிக்கும் பாவத்தையே காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தீர்க்கதரிசி எலியாவை நினைத்துப் பார்.

கர்மேல் மலையில் அவர் ஜெபித்தபோது வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. பலி, விறகு, கல், மண் எல்லாவற்றையும் பட்சித்து, வாய்க்காலில் இருந்த தண்ணீரையும் நக்கிப்போட்டது. அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே அந்த மனிதர் சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உபவாசமும் கேட்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதனும் மறுபடியும் வந்து, சாப்பிடு, பிரயாணம் வெகுதூரம் என்றான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது. அங்கேயும் அக்கினி உண்டானது. அந்த அக்கினியிலே கர்த்தர் இருக்கவில்லை.

நீ கர்மேலின் அக்கினியைத் தேடுகிறாய் என்று நினைக்கிறேன், தங்கையே. உன் தலைமாட்டில் அடை சுடும் தழல் இருக்கக்கூடும்.

இயேசுவின் சீஷன் பேதுருவுக்கும் அப்படித்தான் நடந்தது. பிரதான ஆசாரியனின் அரண்மனையில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். திபேரியா கடற்கரையில் இயேசு வைத்திருந்ததும் கரிநெருப்புதான். அந்தப் புகை மூக்கில் ஏறியபோது பேதுருவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் முதலில் அப்பமும் மீனும். "நீ என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டதெல்லாம் அவர்கள் சாப்பிட்டு முடித்த பின்புதான். இந்த வரிசையை நான் பல வருடம் கவனிக்காமலே வாசித்துப் போயிருக்கிறேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் சாட்சியை நீ கேட்டிருப்பாய். 1738 மே 24 அன்று மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தம் இருதயம் விசித்திரமாய் அனல்கொண்டதாக அவர் நாட்குறிப்பில் எழுதினார். அதை எல்லாரும் சொல்வார்கள். அதே நாட்குறிப்பில் 1739 ஜனவரி 4 அன்று, நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதியதை யாரும் சொல்வதில்லை. அப்படி எழுதியவர் அந்த ஏப்ரலில் பிரிஸ்டலில் திறந்த வெளியில் நின்று பிரசங்கிக்கத் தொடங்கினார். பிறகு அரை நூற்றாண்டு ஓயவில்லை.

அதனால் இன்று இரவு ஜெபம் வராவிட்டால் உன்னையே குற்றப்படுத்திக்கொண்டு விழித்திருக்காதே, தூங்கு. காலையில் 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசி. ஆறே வசனம்தான். முதல் இரண்டு வசனங்களில் மட்டும் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். நீயும் கேள். வாசிக்கவும் முடியாத நாளில் எனக்குச் சொல்லி அனுப்பு. உன் பெயரைச் சொல்லி உனக்காக நான் வாசிக்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா