லூக்காஸ் அருங்காட்சியக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

லாஸ் ஏஞ்சல்ஸ் நிர்வாகிகளே, வணக்கம்.

அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல்லின் ‘ஷஃபிள்டனின் முடிதிருத்தகம்’ ஓவியம் 2018 முதல் உங்கள் கையில் இருக்கிறது. அதை எப்படி மாட்டப்போகிறீர்கள் என்பது பற்றித்தான் இந்த மடல்.

எனக்கு அந்தப் படத்தில் அலுக்காத இடம் நடுவே இருக்கும் இருட்டுதான். கடை பூட்டியாயிற்று. நாம் தெருவில் நின்று, விரிசல் விட்ட கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறோம். உள்ளறையில் மட்டும் வெளிச்சம். பெரியவர்கள் மூவர் வாத்தியம் வாசிக்கிறார்கள். காலியான கடையில் கேட்க இருப்பது ஒரு பூனை மட்டும்.

இது 1950 ஏப்ரல் 29 ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழின் அட்டைப்படம். 1916இல் தொடங்கி 320க்கும் மேற்பட்ட அட்டைகளை ராக்வெல் அந்த இதழுக்கு வரைந்தார். லட்சக்கணக்கானோர் இதைப் பார்த்தது காகிதத்தில்தான். அதனால் ஓவியத்தின் பக்கத்திலேயே அந்த இதழையும் வையுங்கள். பழைய பிரதி கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

அப்படியே 1964 ஜனவரி 14 ‘லுக்’ இதழையும் வையுங்கள். கறுப்பினத்தவரை வேலைக்காரர்களாக மட்டுமே காட்ட ‘போஸ்ட்’ அனுமதித்தது என்று ராக்வெல்லே பிற்பாடு சொன்னார். அங்கிருந்து விலகியதும் அவர் ‘லுக்’ இதழுக்கு வரைந்தது, நியூ ஆர்லியன்ஸில் அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆறு வயது கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸை. வெள்ளை கவுன், கையில் நோட்டும் ரூலரும். பின்னால் சுவரில் தக்காளி வீசிய கறை. காவலுக்கு வரும் அதிகாரிகள் நால்வருக்கும் படத்தில் தலையே இல்லை! இதைக் காட்டாவிட்டால், வருகிறவர்கள் அவரைப் பூனையும் கிழவர்களும் வரைந்த நல்ல மனுஷராக மட்டுமே நினைத்துக்கொண்டு போவார்கள்.

அப்புறம், விளக்கப் பலகை. ராக்வெல் இந்தப் படத்தை இலவசமாகக் கொடுத்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் உள்ள பெர்க்‌ஷயர் அருங்காட்சியகத்துக்கு, தான் வாழ்ந்த ஸ்டாக்பிரிட்ஜுக்குப் பக்கத்து ஊருக்கு. பணமுடை என்று சொல்லி அவர்கள் விற்கக் கிளம்பியபோது அவருடைய மகன்கள் நீதிமன்றம் போனார்கள். கடைசியில் நீதிமன்றம் விற்பனையை அனுமதித்தது, நீங்கள் வாங்கினீர்கள். சட்டப்படி தப்பில்லை, சரி. பொது மக்கள் பார்க்கும்படி வைப்பதும் நல்லதுதான். ஆனால் ‘2018இல் வாங்கியது’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். யார், எந்த ஊருக்குக் கொடுத்தார், அந்த ஊர்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதையும், படிக்கிற அளவு எழுத்தில், ஓவியத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
பத்திரிகைப் படங்களை விரும்பும் ஒரு வாசகர்