பூட்டைத் திருத்தச் சொன்னால் கதவைக் கழற்றாதீர்கள்: கொழும்பில் கொம்பியூட்டர் திருத்தும் தம்பி தங்கைமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைமாருக்கு,

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புதுக்கடைப் பக்கத்துச் சின்னக் கந்தோர்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. உங்களில் பலரை முகத்தால் தெரியும். யூனிட்டி பிளாசா படிகளில் ஹார்ட் டிஸ்க் பெட்டியோடு ஏறி இறங்கும்போது தலையாட்டிக் கொள்வோம், அவ்வளவுதான். இதை முதலில் ஒரு வட்ஸ்அப் குறிப்பாகத்தான் எழுதத் தொடங்கினேன். கோபம் ஆறட்டும் என்று ஒரு கிழமை விட்டேன். ஆறவில்லை, நீண்டுவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். புதுக்கடையில், நீதிமன்றத்துக்குக் கிட்ட, ஒரு சட்டத்தரணி ஐயாவின் கந்தோர். நொத்தாரிசு வேலையும் உண்டு. வருமானத்தில் பாதி காணி உறுதிகளில்தான். மொத்தம் ஐந்து கணினி. மூன்றில் விண்டோஸ். கனிஷ்ட சட்டத்தரணி கொண்டு வருவது மேக். டைப் அடிக்கும் அக்காவின் மேசையில் உபுண்டு, இலவச லினக்ஸ். அந்த உபுண்டு 2022-ல் வந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360-ஐத் தாண்டிய வருடம் அது. லைசன்ஸ் வாங்கக் காசில்லை, திருட்டு விண்டோஸ் போட ஐயாவுக்கு மனமும் இல்லை. மூலையில் ஒரு கிழட்டுப் போட்டோகொப்பி மெஷின். அதில் தாளை வைத்து பட்டனை அமத்தினால் ஸ்கேன் நேரே பொது ஃபோல்டருக்குள் போய் விழும்.

2025 ஒக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழமையான அப்டேட் நின்றுவிட்டது அல்லவா? ஐயா இரண்டு புதுக் கணினி வாங்கினார், விண்டோஸ் 11 ப்ரோ. பொது ஃபோல்டர் இருந்த பழைய பெட்டியை ஒதுக்கி, ஃபோல்டரைப் புதியதுக்கு மாற்றினார்கள். மற்றக் கணினிகளில் இருந்து அது திறக்கவில்லை. ஸ்கேனும் வரவில்லை. நான் ஊருக்குப் போயிருந்தேன். யாரோ ஒரு தம்பி வந்து இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஓட வைத்துவிட்டுப் போனார். ஐயாவுக்குப் பெரிய சந்தோஷம். "உம்மை விடக் கெட்டிக்காரன்" என்று எனக்கே போனில் சொன்னார்.

மூன்று கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, "உறுதி வரைபுகள்" என்ற ஃபோல்டரைக் காணவில்லை.

நெட்வொர்க்கில் இருக்கும் ஃபோல்டரில் டிலீட் அமத்தினால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே போய்ச் சேர்ந்துவிடும். இது உங்களுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. யார் அழித்தது? எல்லோரும் "கெஸ்ட்" என்ற ஒரே பெயரில்தான் உள்ளே போய் வந்திருக்கிறார்கள். முன்னறையில் காத்திருந்து வைஃபை பாஸ்வேர்ட் கேட்டு வாங்கிய கட்சிக்காரர் ஒருவரின் பிள்ளைகூட அழித்திருக்கலாம். கையொப்பமிட்ட உறுதிகள் கடதாசியில் இருந்தன. நொத்தாரிசின் பிரதி உண்டு, காணிப் பதிவகத்துக்கு மாதாமாதம் போகும் பிரதியும் உண்டு. வரைபுகளுக்கு அப்படி எதுவும் இல்லை. பதினேழு வரைபு. அக்கா எட்டு நாள் இருந்து திரும்ப அடித்தார்.

அந்தத் தம்பி செய்ததை நான் பிறகு பார்த்தேன். எஸ்எம்பி என்பது நெட்வொர்க்கில் கணினிகள் ஃபோல்டர் பகிர்ந்துகொள்ளும் பேச்சுமுறை. அதன் மிகப் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐத் திரும்பப் போட்டிருந்தார். ஃபயர்வோல் நிறுத்தம். கெஸ்ட் நுழைவுக்கு அனுமதி. கையொப்பத் தேவை நீக்கம். ஃபோல்டருக்கு "எவரிவன், ஃபுல் கன்ட்ரோல்", அதாவது யாரும் எதையும் செய்யலாம். பூட்டைத் திருத்தக் கூப்பிட்டால் கதவையே கழற்றிச் சுவரில் சாத்திவிட்டுப் போன வேலை இது. கதவு திறக்கிறதா என்று கேட்டால், ஓம், திறக்கத்தான் செய்கிறது.

அவரை மட்டும் சாட மாட்டேன். ஒதுக்கிய அந்தப் பழைய பெட்டியில் கெஸ்ட்டும் எஸ்எம்பி 1-உம் வைத்து 2011-ல் முதன்முதல் ஏற்பாடு செய்தவன் நான்தான். அன்றைக்கு எனக்கும் பின்னால் ஐயா நின்று "கெதியாய் முடியும் தம்பி, பன்னிரண்டு மணிக்குக் கட்சிக்காரர் வருகினம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருகைக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் தொழிலில் யோசிப்பதற்குப் பில் போட முடியாது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் புது விண்டோஸ் ஏன் முரண்டு பிடித்தது என்று ஒரு நிமிடம் பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோவில், ஃபோல்டர் பகிரும்போது போய்வரும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் கேட்கிறது. நடுவில் யாரும் செய்தியை மாற்றவில்லை என்பதற்கு அது சாட்சி. அந்தக் கையொப்பத்துக்கான சாவி நுழைபவரின் பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது. கெஸ்ட்டுக்குப் பாஸ்வேர்ட் இல்லை, ஆகவே சாவி இல்லை, ஆகவே கையொப்பமும் இல்லை. நொத்தாரிசுக் கந்தோரில் இதை விளங்கப்படுத்த எனக்கு இரண்டு வசனம் போதுமாக இருந்தது. கையெழுத்தில்லாத உறுதியை அவர் ஏற்பாரா?

எஸ்எம்பி 1-இன் கதை இன்னும் மோசம். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பரி ஃபைகன்பாம் வடிவமைத்த பேச்சுமுறையின் மூத்த வாரிசு அது. ஒரே அறைக்குள் நாலு பேர் நம்பிக்கையாய் வேலை செய்த காலத்துக்கு உரியது. 2017 மே 12-ல் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் வன்னாக்ரை உலகம் முழுக்க ஓடியது அதன் ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டை (பாட்ச்) மைக்ரோசொஃப்ட் வெளியிட்டது மார்ச் 14-ல். இரண்டு மாதம் ஒருவரும் கவனிக்காத கணினிகள்தான் பெரும்பாலும் விழுந்தன. அந்த வருடக் கடைசியிலிருந்தே விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டால் எஸ்எம்பி 1-இன் சேர்வர் பகுதி தானாக வராது. லினக்ஸ் கணினியை எஸ்எம்பி பேச வைக்கும் மென்பொருள் சம்பா. 2019-ல் வந்த அதன் 4.11 பதிப்பும் எஸ்எம்பி 1-ஐ மூடி வைத்தது. இத்தனை பேர் சேர்ந்து மூடியதை நாம் ஒரு டிக் போட்டுத் திறக்கிறோம், ஒரு ஸ்கேனருக்காக.

சம்பா என்றதும் ஐயா "அரிசியா?" என்று கேட்டார். எல்லா வாடிக்கையாளரும் கேட்பதுதான்.

அரிசி இல்லை. கன்பராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அன்ட்ரூ ட்ரிஜெல், 1991 முடிந்து 1992 பிறந்த நாட்களில் எழுதத் தொடங்கிய மென்பொருள். அவருக்கு வேண்டியிருந்தது சின்ன விஷயம்: மேசையில் இருந்த டொஸ் கணினியிலிருந்து யுனிக்ஸ் சேர்வரின் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பேசும் முறைக்கு அவர் கையில் விளக்கக் குறிப்பு எதுவும் இருக்கவில்லை. என்ன செய்தார்? வயரில் போய்வரும் தரவுத் துண்டுகளை (பக்கெட்) பிடித்துப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதினார். இது கேட்டால் அது என்ன சொல்கிறது, இப்படிக் கேட்டால் எப்படிச் சொல்கிறது என்று உட்கார்ந்து கவனித்தார். பிற்காலத்தில் இதைப் பிரெஞ்சுக் கஃபே முறை என்று அவரே விளக்கினார்: பாஷை தெரியாத ஊரில் தேநீர்க்கடையில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரர் என்ன கேட்டபோது என்ன வந்தது என்று பார்த்துப் பார்த்தே பாஷை பழகுவது. தமிழ் தெரியாமல் செட்டியார் தெரு நகைக்கடைக்கு வேலைக்கு வந்து ஆறு மாதத்தில் பேரம் பேசப் பழகும் பையன்களைப் பார்த்திருக்கிறீர்கள்தானே.

பெயரும் அப்படித்தான் வந்தது. முதலில் வைத்த பெயர் இன்னொரு கம்பனியின் வணிகக்குறி என்று தெரிந்ததும், எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொல்லைக் கணினி அகராதியில் ஒரு கட்டளை போட்டுத் தேடினார். கிடைத்த நாலைந்தில் சம்பா ஒன்று. மைக்ரோசொஃப்ட் தன் பேச்சுமுறை ஆவணங்களைத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2004-ல் தீர்மானித்தது. வழக்கு நீதிமன்றம் போய் 2007-ல் உறுதியானது. அந்த டிசம்பரில் 10,000 யூரோ கட்டி சம்பாக்காரர்கள் ஆவணங்களைப் பெற்றார்கள். ஐயாவுக்குக் கதையில் இந்தப் பகுதிதான் பிடித்தது.

இதைச் சொல்வது சரித்திரம் படிப்பிக்க இல்லை. ஒரு மனுஷன் வயரில் காது வைத்துக் கேட்டுச் செய்த வேலையின் மேல் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் கணினி எழுதி வைக்கும் பதிவை (லொக்) கூடத் திறந்து பார்க்காமல், விண்டோஸின் உள் அமைப்பை மாற்றும் ரெஜிஸ்ட்ரி வரியை யூடியூபில் கண்டு ஒட்டுகிறோம். சம்பாவில் "எஸ்எம்பிஸ்டேட்டஸ்" (smbstatus) என்று அடித்தால் எந்தக் கணினி எந்தப் பதிப்பில் பேசுகிறது, எந்தக் கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார் என்று ஒரு திரையில் வந்துவிடும். இரண்டு செக்கன் வேலை.

சரி, இப்போது அந்தக் கந்தோரில் என்ன இருக்கிறது? ஒதுக்கிய பழைய கோர் ஐ3 பெட்டியையே எடுத்து டெபியன் லினக்ஸ் போட்டு சம்பா வைத்தேன். ஐந்து பேருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிப் பாஸ்வேர்ட். உறுதி ஃபோல்டரில் ஐயா, கனிஷ்டர், அக்கா மூவரும்தான் எழுதலாம். ரீசைக்கிள் மொடியூலைப் போட்டதால் அழிப்பது ஒரு மறைவு ஃபோல்டருக்குள் அப்படியே போய்க் கிடக்கும். யார் எதை அழித்தார், பெயர் மாற்றினார் என்று ஓடிட் மொடியூல் எழுதி வைக்கும். விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றும் எஸ்எம்பி 3-இல்தான் பேசுகின்றன. கிழட்டு மெஷினுக்கு எஸ்எம்பி 1-ஐத் தவிர வேறு பாஷை வராது, ஆனால் அதன் மெனுவைத் துருவினால் கோப்பு அனுப்பும் இன்னொரு பழைய முறையான எஃப்டிபி இருந்தது. உங்கள் மெஷினிலும் அநேகமாக இருக்கும், பாருங்கள். ஸ்கேன் எஃப்டிபி வழியாக அந்தப் பெட்டியின் ஒரே ஒரு ஃபோல்டருக்குள் விழுகிறது. சம்பா அதைக் கணினிகளுக்குக் கொடுக்கிறது. எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே போகும்தான், மறுக்கவில்லை. அந்தப் பாஸ்வேர்டால் ஸ்கேன் ஃபோல்டருக்குள் மட்டுமே வரலாம், கந்தோருக்கு வெளியே அது போவதும் இல்லை.

பாஸ்வேர்ட் கேட்டதும் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பன்னிரண்டு வருஷமா இங்க இருக்கிறன், என்னை நம்பேல்லையோ தம்பி?" என்றார். "நாளைக்கு இன்னொன்று காணாமல் போனால், அக்கா அழிக்கவில்லை என்று காட்ட ஒரு பதிவு வேண்டாமா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பேத்தியின் பெயரை வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல இன்னொரு பத்து நிமிடம் போனது.

ஒரு வேடிக்கை. மாற்றி முடித்த பிறகு ஸ்கேன் ஃபோல்டருக்குள் "கொழும்பு" என்று இரண்டு ஃபோல்டர். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். தேடினால் ஒன்று மட்டும் அகப்படுகிறது. அரை நாள் மண்டையை உடைத்தேன். கனிஷ்டரின் பழைய மேக்கில் ஸிப் ஆக்கி வந்தது ஒன்று. பழைய மேக்கின் கோப்புமுறை "கொ"வில் இருக்கும் ஒகரக் குறியை, எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்து இரண்டு எழுத்தாகச் சேமிக்கும். விண்டோஸில் நாம் அடிப்பது ஒரே எழுத்து. கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. "கொன்வ்எம்வி" (convmv) என்ற சின்னக் கருவி பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். தமிழில் பெயர் வைக்கும் கந்தோர்களில் இது உங்களுக்கும் வரும், குறித்து வையுங்கள்.

பிரிண்டர் விஷயம் சுருக்கமாக. 2021-ல் விண்டோஸின் அச்சிடும் பகுதியில் வெளியான பிரிண்ட்நைட்மேர் ஓட்டைக்குப் பிறகு வந்த ஒட்டுகளால், இன்னொரு கணினி பகிரும் பிரிண்டரில் 11பி என்று முடியும் எரர் வந்ததும், பலரும் பாதுகாப்பை அணைக்கும் ரெஜிஸ்ட்ரி வரியைப் போட்டு விட்டோம். பிரிண்டரில் நெட்வொர்க் போர்ட் இருந்தால் அதற்கு மாறாத ஐபி முகவரி கொடுத்து ஒவ்வொரு கணினியிலிருந்தும் நேரே அடியுங்கள். இன்னொரு விண்டோஸ் கணினியின் முதுகில் ஏற்ற வேண்டியதில்லை.

சம்பாவும் தெய்வம் இல்லை. வன்னாக்ரை வந்த அதே 2017 மே மாதம் அதிலும் ஒரு ஓட்டை வெளியானது, 3.5-இலிருந்து எல்லாப் பதிப்பிலும் இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் எழுதக்கூடிய ஒரு ஃபோல்டர் வேண்டும். யாரும் எழுதலாம் என்று விட்ட கந்தோர்களில் தாக்க வருபவருக்குப் பாதி வேலை மிச்சம். பெட்டியை வைத்துவிட்டு அப்டேட்டை மறந்தால் என் வேலைக்கும் இதே கதிதான்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒன்றைத் திறக்காமல் ஓடாது என்றால் திறக்கும் முன் முதலாளியிடம் வாயால் சொல்லுங்கள், "இதைத் திறக்கிறேன், இதனால் இன்னது நடக்கலாம்" என்று. அவர் ஓம் என்றால் அது அவர் பொறுப்பு. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. கட்சிக்காரரின் அடையாள அட்டைப் பிரதி கிடக்கும் ஃபோல்டரை "எவரிவன்" என்று விடுவதை ஒரு சட்டத்தரணிக்கு நீங்கள் நியாயப்படுத்திப் பாருங்கள். அப்புறம், செய்ததை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். எழுதிய நேரத்துக்கும் பில் போடுங்கள், நான் போடுகிறேன்.

புதுக்கடைக் கந்தோரில் யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்த ஐ3 பெட்டி இருக்கிறது. மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: ஃபோல்டர்கள், யாருக்கு எது, ஸ்கேனரின் ஐபி, வெள்ளிக்கிழமை ஐயா வீட்டுக்குக் கொண்டுபோகும் பெக்கப் டிஸ்க் எது. நான் இல்லாத நாளில் கூப்பிட்டு நீங்கள் போனால் முதலில் அதை வாசியுங்கள். கீழே நாலு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன், நீங்கள் செய்வதை எழுத. பேனை அக்காவிடம் கேட்டால் தருவார்.